அக்காவின் ஃப்ளாப்பியும் ஐப்பசி இடியும்

இடி இடித்தால் நம் வீடுகளில் முதல் காரியம் என்னவென்று உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். டிவியின் ஆண்டெனா ஒயரைப் பிடுங்க வேண்டும், அப்புறம் ஓடிப் போய் மெயினை அமர்த்த வேண்டும். எங்கள் வீட்டில் மெயினை அமர்த்துவது என் வேலை. முந்தின வருஷ மழையில் எதிர்வீட்டு டிவி புகைந்து போனதிலிருந்து அம்மா போட்ட சட்டம் அது. மெயின் கட்டை வாசல் நடையில் உயரத்தில் இருந்ததால் அதற்கு அடியில் எனக்கென்று ஒரு முக்காலி போட்டிருந்தார்கள்.

நான் ஓரிடத்தில் உட்காராத பிள்ளை. சாப்பிடும்போதும் கால் ஆடும், ஓதும்போதும் கால் ஆடும். "இதக் காலுல சக்கரத்தோடதான் பெத்துப் போட்டேன்" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். இடி இடிக்கும்போது மட்டும் அந்தக் காலுக்கு வீட்டில் மரியாதை இருந்தது. முதல் உறுமல் அடங்குவதற்குள் கட்டையை இறக்கிவிடுவேன். அந்தப் பெருமையால் வந்த வினையைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் ஆறாவது படித்த வருஷம் சின்னத்தா சிங்கப்பூரிலிருந்து வந்தார். அத்தாவின், அதாவது எங்கள் அப்பாவின், தம்பி அவர். எல்லோரும் டேப்ரிக்கார்டரும் சென்ட் பாட்டிலும் கொண்டுவரும் காலத்தில் அவர் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கினார். இன்றைய பிள்ளைகள் நினைப்பது போல அல்ல அது. தடித்த ஒரு கீபோர்டு, அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். டிவியில் மாட்டினால் நீலத் திரையில் எழுத்து வரும். கூடவே செருப்புப் பெட்டி அளவில், பிஸ்கட் நிறத்தில் ஒரு டிரைவ். அதன் வாயில் ஃப்ளாப்பியைச் செருகிப் பூட்டினால் உள்ளே சுற்றும். சரியாகப் படித்தால் சிவப்பு விளக்கு அசையாமல் எரியும், படிக்க முடியாவிட்டால் மினுக் மினுக்கென்று அடித்துக்கொள்ளும். ஃப்ளாப்பியை மறந்துபோனவர்களுக்குச் சொல்கிறேன்: கறுப்பு உறைக்குள் மெல்லிய வட்டம், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, நடுவில் ஓட்டை.

சின்னத்தா கொண்டுவந்தது நான்கு ஃப்ளாப்பி. அவர் சிங்கப்பூர் திரும்பி ஒரு மாதத்துக்குள் இரண்டு காலி. அத்தா ஒன்றைத் தோல்ஷாப்புக்கு, அவர் தோல் பதனிடும் இடத்துக்கு, எடுத்துப் போனார். அதில் விஷயமெல்லாம் எழுதி வைக்கலாம் என்று தம்பி சொல்லியிருந்தான் அல்லவா, எழுதின சீட்டெல்லாம் இருக்கிற இடத்தில் இதுவும் இருக்கட்டும் என்று ரசீது குத்தும் கம்பியில் குத்தி வைத்துவிட்டார். இன்னொன்றின் மேல், தோல் ஊறவைக்கிற ஆவாரம்பட்டைத் தூள் படிந்திருந்ததால் அம்மா ஈரத்துணியால் நன்றாகத் துடைத்து மொட்டைமாடி வெயிலில் காயவைத்தாள். சாயங்காலம் அது பொரித்த அப்பளமாக வளைந்து கிடந்தது. மிச்சம் இரண்டு. ஒன்று விளையாட்டு ஃப்ளாப்பி, என்னுடையது. மலைகளுக்கு நடுவே ஒரு விமானம் பறக்கும். மற்றது அக்காவுடையது.

அக்கா பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். காலேஜுக்கு அனுப்புகிற பேச்சே எழவில்லை. சின்னத்தா விட்டுப்போன தடித்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதியோடு மடியில் வைத்துக்கொண்டு மூன்று மாதம் படித்தாள். பிறகு அவளாகவே ஒரு ப்ரோகிராம் எழுத ஆரம்பித்தாள். ஊர்ப் பெயரைத் தட்டினால், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டிலிருந்து அந்த ஊருக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று திரையில் வரும். நேரங்களைக் குறித்துக்கொண்டு வருவது நான். பள்ளிக்கூடம் விட்டதும் நோட்டும் பென்சிலுமாகப் போய் கொய்யாக் கூடைகளுக்கு நடுவே நின்று கன்னிவாடி, ஆயக்குடி, நெய்க்காரப்பட்டி என்று எழுதுவேன். நாலாம் நாள் ஒரு கண்டக்டர் பிடித்துவிட்டார்.

"ஏம்மா, நானும் நாலு நாளாப் பாக்குறேன். வீட்ட விட்டு ஓடப் போறியா? எந்த ஊருக்குன்னு சொல்லு, சீட்டுப் போட்டு வைக்கிறேன்."

அக்காவிடம் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ப்ரோகிராம் ஓடிய முதல் நாள் அம்மாவை உட்காரவைத்துக் கன்னிவாடி என்று தட்டிக் காட்டினாள். நாலு பத்து என்று வந்தது. "இதுக்கா இம்புட்டுப் பாடு? என்னையக் கேட்டா நானே சொல்லியிருப்பேனே" என்று அம்மா எழுந்து போய்விட்டாள். அத்தா பார்க்கவே இல்லை. தோல்ஷாப்பிலிருந்து வந்தால் சுண்ணாம்பு வாடை போகக் குளித்து, சாப்பிட்டு, படுத்துவிடுவார்.

அந்தச் சமயம் ஊரில் முதன்முதலாக ஒரு கம்ப்யூட்டர் வகுப்பு ஆரம்பித்தார்கள், ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில். எங்களிடம் இருந்த அதே மாதிரி மெஷின் மூன்று அங்கே இருந்தன. பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு பெண் வேண்டுமென்று தேடினார்கள். அக்கா போய்க் கேட்டாள். "சொந்தமா எழுதின ப்ரோகிராம் ஒண்ண ஃப்ளாப்பில கொண்டாம்மா. இங்க ஓடுச்சுன்னா அடுத்த மாசத்துலருந்து நீதான் டீச்சர்" என்றார் வகுப்பு நடத்துகிறவர்.

வீட்டில் அதே வாரம் பழனியிலிருந்து சம்பந்தம் பேசி வந்திருந்தார்கள். அக்கா அத்தாவின் முன்னால் நின்று வேலையைப் பற்றிச் சொன்னாள். அவர் வெகுநேரம் தாடியைத் தடவினார்.

"வேல கெடச்சா ஒரு வருசம் பொறுங்கன்னு சொல்லிப் பாக்குறேன். கெடைக்கலேன்னா வர்ற ஞாயித்துக்கெழம வெத்தல மாத்திருவேன். சனிக்கெழமைக்குள்ள சொல்லு."

புதன்கிழமை அக்கா ஃப்ளாப்பியைப் புத்தகத்துக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். நானும் தொற்றிக்கொண்டேன். மாடியில் முதல் மெஷினில் போட்டார்கள், சிவப்பு விளக்கு மினுக்கியது. இரண்டாவதிலும் மினுக்கியது. மூன்றாவதில் அக்காவே போட்டாள், அதிலும் அப்படித்தான். வகுப்பு நடத்துகிறவர் ஃப்ளாப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல ஒண்ணுமே இல்லியேம்மா."

"வீட்ல ஓடுது சார்."

"வீட்ல ஓடி என்ன செய்ய? சனிக்கெழம ஒரு மணி வரைக்கும் இருப்பேன். ஓடுற மாதிரி கொண்டா."

வீட்டுக்கு வந்து போட்டால் முதல் தடவையிலேயே ஓடியது. நெய்க்காரப்பட்டி, ஆறு இருபது. அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு உட்கார முடியவில்லை. அறைக்குள் நடந்தேன், கதவைத் திறந்து மூடினேன், டிவியின் மேல் இருந்த துணியை மடித்து மடித்து விரித்தேன்.

"ஏ கழுத, செத்த நேரம் சும்மா இரு. ஒன் வெளயாட்டு ஏன் ஓட மாட்டேங்குது?"

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை முட்டியது. ஒரு மாதமாகவே என் விமானம் தகராறு. நாலு தடவை முயன்றால் ஒரு தடவை வரும், அதற்குள் டிரைவ் டர்ர்ர் டர்ர்ர் என்று தலையை முட்டிக்கொள்ளும். கடைசிப் பத்து நாளாகச் சுத்தமாக வருவதில்லை. அம்மாவுக்கு அதில் சந்தோஷம்தான், படிப்பேன் என்று. அதனால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

அக்கா விரலை மடக்கிச் சொன்னாள். "வெளிய எழுதினத நம்ம டிரைவ் படிக்கல. நம்ம டிரைவ் எழுதினத வெளிய படிக்கல. அப்ப ஃப்ளாப்பி ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. நம்ம டிரைவுதான் கோணலா எழுதி, கோணலாப் படிக்குது."

கற்றுக்கொடுக்க ஆள் இல்லாமல், பதினெட்டு வயதில், அவளாகக் கண்டுபிடித்தது அது. அன்றைக்கு எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. விமானம் மறுபடி பறக்குமா என்பதுதான் என் கவலை.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு ரேடியோ மெக்கானிக்கை அம்மாவிடம் சொல்லி வரவழைத்தாள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் கடை வைத்திருந்த அவர் பழனிப் பக்கத்துக்காரர். டிரைவை அவர் ஜென்மத்தில் பார்த்ததில்லை. மூடியைக் கழற்றி, உள்ளே பார்த்து, முகம் மலர்ந்தார்.

"ஏனுங்க பாப்பா, இது டேப்ரிக்கார்டர் சங்கதிதானுங்க. அதுல ஹெட்டு நகந்துட்டா பாட்டு அமுங்கிக் கேக்கும், ஸ்க்ரூவத் திருப்பி நிமித்துவோம். இதுவும் ஹெட்டுதானுங்களே. முட்டி முட்டியே நகந்திருக்குதுங்க."

ஹெட்டை நகர்த்துகிற குட்டி மோட்டாரை இரண்டு திருகுகள் பிடித்திருந்தன. அவர் ஸ்க்ரூட்ரைவரை அதனருகே கொண்டுபோனார். அக்கா அவர் கையைத் தொடாத குறையாகத் தடுத்தாள்.

"இருங்கண்ணே. இப்ப நிமித்திட்டா என்னுது ஓடாது. கோணலா எழுதினதக் கோணலாத்தான் படிக்கும். மொதல்ல மெஷினுக்குள்ள ஏத்திக்கிறேன். அப்புறம் திருப்புங்க. திருப்பினதும் திரும்ப எழுதிக்கிறேன்."

மெக்கானிக் அவளை நிமிர்ந்து பார்த்தார். "படிச்ச புள்ளைங்க" என்று மட்டும் சொன்னார்.

அக்கா ப்ரோகிராமை ஏற்றினாள். பிறகு டிரைவில் என் விளையாட்டு ஃப்ளாப்பியைப் போட்டாள். ஏற்றாமல், படிக்க முடிகிறதா என்று மட்டும் டிரைவைக் கேட்கும் ஒரு கட்டளை இருந்தது. அவள் தட்டுவாள், விளக்கு மினுக்கும். அவர் மயிரிழை திருப்புவார், அவள் மறுபடி தட்டுவாள். நான் அறைக்கும் வாசலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். சிறுமலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. காற்றே இல்லை. தோல்ஷாப் வாடை தெருவில் அப்படியே நின்றது. உள்ளே வந்தால் மினுக் மினுக். வெளியே போனால் மேகம் இன்னும் கீழே இறங்கியிருக்கும். எத்தனை நடை நடந்தேனோ, ஒரு முறை உள்ளே வந்தபோது விளக்கு மினுக்கவில்லை. அசையாமல் நின்று எரிந்தது.

"ஆச்சுங்க" என்றார் மெக்கானிக்.

இனி நேராக எழுத வேண்டும், அதற்கு ஒரு ஃப்ளாப்பி வேண்டும். ஊரில் விற்கிற கடை கிடையாது, இருப்பதோ இரண்டு. அக்கா விளையாட்டு ஃப்ளாப்பியை வெளியே எடுத்தாள். விளையாட்டோடு விற்கிற ஃப்ளாப்பி என்பதால் அதில் எழுத முடியாதபடி செய்திருந்தார்கள். ஓரத்தில் சதுரமாக ஒரு வெட்டு வெட்டினால் எழுதலாம் என்று புத்தகத்தில் படித்திருந்தாள். அத்தாவின் தோல் வெட்டும் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள்.

நான் வீறிட்டேன். இப்போது நினைத்தால் கூசுகிறது, அன்று தரையில் விழுந்து புரண்டேன். "என்னுது! சின்னத்தா எனக்குக் குடுத்தது! இப்பத்தான் நல்லாச்சு, அத வெட்டாத!" அடுக்களையிலிருந்து அம்மா, "சின்னப் புள்ளய ஏன் அழ வைக்கிற? ஒன்னுதத்தான் வச்சுக்கயேன்" என்று சத்தம் போட்டாள்.

அக்கா கத்தரிக்கோலையும் என்னையும் பார்த்தாள். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என் ஃப்ளாப்பியை என்னிடமே நீட்டினாள். "இந்தா, அழாத." பிறகு தன்னுடையதை டிரைவில் போட்டாள். அதில் இருந்த கோணல் எழுத்தை முழுக்க அழித்துப் புதிதாகத் தயார் செய்ய ஒன்றரை நிமிஷம் ஆகும். அதற்கப்புறம் எழுத அரை நிமிஷம். அந்த ஒன்றரை நிமிஷமும் அவளுடைய ப்ரோகிராம் வேறெங்கும் இல்லை. கரண்ட் ஓடிக்கொண்டிருந்த அந்தக் கீபோர்டுக்குள் மட்டும் இருந்தது.

அவள் மனசு மாறிவிடுவாளோ என்று ஃப்ளாப்பியை மாரோடு அணைத்துக்கொண்டு வாசல் நடைக்கு ஓடிவந்தேன். முக்காலிக்குப் பக்கத்தில் நின்றேன். அப்போது இடித்தது.

அடுக்களையிலிருந்து "ஏ புள்ள, மெயின்!" என்று அம்மா கத்தினாள். "இருடி!" என்று அக்கா கத்தினாள். அக்கா கத்தியது கட்டையை இறக்குவதற்கு முன்பு காதில் விழுந்ததா, பின்பா என்று இத்தனை வருஷம் யோசித்தும் எனக்குத் தெரியவில்லை. கால் ஏறிவிட்டது, கை இறக்கிவிட்டது. வீடு இருண்டது.

அம்மா ஓடிவந்து என் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள். "எம்புட்டு சுறுசுறுப்பு பாரு எந்தங்கத்துக்கு" என்று சொல்லி டப்பாவிலிருந்து இரண்டு பேரீச்சம்பழம் எடுத்துக் கொடுத்தாள். நான் அதை வாயில் போட்டுக்கொண்டுதான் அறைக்குள் போனேன். அக்கா டிவியின் கறுப்புத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மெக்கானிக் ஸ்க்ரூட்ரைவரைப் பிடித்தபடி நின்றிருந்தார். அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. அன்றைக்கு ஓர் அறை அறைந்திருந்தால் இதை உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

மழையில் நனைந்து அத்தா வந்தார். திறந்து கிடந்த டிரைவ், இருண்ட திரை, கையில் ஆயுதத்தோடு ஓர் ஆள். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது போல இருந்தது.

"நல்லாக் கெடந்த சாமானப் பிரிச்சுப் போட்டு, புள்ள பொழப்புல மண்ணள்ளிப் போட்டியேய்யா!"

"ஏனுங்க பாய், நான் சரியாத்தானுங்க..."

"மொதல்ல வெளிய போய்யா."

"அத்தா, அவரு மேல தப்பில்ல" என்றாள் அக்கா. அத்தா கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. மெக்கானிக் சட்டையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனார். அந்த வீட்டில் அன்று தன் வேலையைச் சரியாகச் செய்தவர் அவர் ஒருவர்தான்.

கால் மணி நேரத்தில் தெருவுக்கே கரண்ட் போனது. எப்படியும் போயிருக்கும் என்று ரொம்ப வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அவளுக்குத் தேவைப்பட்டது இரண்டு நிமிஷம். கால் மணி நேரத்தில் ஏழு தடவை எழுதியிருப்பாள்.

மறுநாள் மதியம் வரை கரண்ட் வரவில்லை. அக்கா ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து நினைவிலிருந்து நோட்டில் எழுதினாள். பதினோரு மணிக்கு அந்த நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நானும் வாரேன் என்றேன், வேண்டாம் என்றாள். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டாள். ஃப்ளாப்பியில் கொண்டுவரச் சொன்னேனா, நோட்டில் கொண்டுவரச் சொன்னேனா என்று கேட்டாராம். அத்தா அன்று தோல்ஷாப்புக்குப் போகாமல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போனார். அவர் கொடுமைக்காரர் இல்லை என்பது இப்போது புரிகிறது. சனிக்கிழமை வரை அவர் நிஜமாகவே காத்திருந்தார். அந்தப் பெட்டிக்குள் அவர் மகள் எழுதிய ஒன்று இருந்தது என்பதைத்தான் அவர் கடைசி வரை நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெற்றிலை மாற்றினார்கள். அன்று சாயங்காலம் டிரைவில் என் ஃப்ளாப்பியைப் போட்டேன். முதல் தடவையிலேயே, ஒரு முட்டல் இல்லாமல், விமானம் பறந்தது. கல்யாணம் வரை தினமும் பறக்கவிட்டேன். அக்கா பக்கத்து அறையில் ஜாக்கெட்டுக்கு ஹெம்மிங் தைத்துக்கொண்டிருந்தாள்.

டிரைவ் பிறகு அத்தாவின் எமர்ஜென்சி விளக்குக்கு மேடையானது. அப்புறம் எங்கே போனதென்று தெரியாது. என் ஃப்ளாப்பியும் வீடு மாறியதில் தொலைந்தது. "தங்கச்சியப் படிக்க வைங்க" என்று பழனியிலிருந்து அக்கா கடிதத்துக்குக் கடிதம் எழுதியதால் நான் காலேஜுக்குப் போனேன், ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன், இன்னும் உட்கார்ந்திருக்கிறேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சேவ் பண்ணுவேன். கூட வேலை பார்ப்பவர்கள் அதை வைத்து என்னைக் கேலி செய்வார்கள். மெயின் கட்டையை அதற்குப் பிறகு நான் தொட்டதில்லை. வீட்டில் இடி இடித்தால் என் வீட்டுக்காரர்தான் எழுந்து போவார்.

போன ஐப்பசியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் உட்கார்ந்து ஆயக்குடிக் கொய்யாவை வெட்டி மிளகாய்ப்பொடி தூவிக் கொடுத்தாள். டிவி ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் நாங்கள் இருவர்தான். மலைப் பக்கமிருந்து இடித்தது, நல்ல இடி. என் கால் என்னைக் கேட்காமல் எழுந்துவிட்டது. எழுந்த பிறகு நகரவில்லை. மெயின் பெட்டி கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது. கொய்யாத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

அக்கா கத்தியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போய் அமத்துடி" என்றாள். "இப்ப அதுல என்னுது ஒண்ணும் இல்ல."

நான் போய் அமர்த்தினேன். மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. அக்கா அடுத்த கொய்யாவை எடுத்தாள்.